17 மாதம் கழித்து வந்த பில்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு சிறிய பல் மருத்துவமனை. உள்ளே மின்வேலையையும் குளிர்சாதன வேலையையும் புதிதாகச் செய்ய ஒரு காண்ட்ராக்டரிடம் ஒப்படைத்தார்கள். வேலை முடிந்து, நோயாளிகள் வந்துபோகத் தொடங்கி, 17 மாதம் ஆன பிறகு ‘இறுதி பில்’ என்று ஒரு தாள் வந்தது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் வக்கீல் நோட்டீஸ். கடைசியில் நீதிமன்றத்துக்குப் போகாமலே விஷயம் முடிந்தது. ஆனால் அது வேறு பக்கம் சாய்ந்திருக்கக்கூடிய இடங்கள் நடுவில் நிறைய இருந்தன. எழுதத் தகுந்தவை அவைதான்.

மருத்துவமனையின் கணக்கைப் பார்ப்பது நான். இதில் போய்வந்த எல்லாக் கடிதங்களையும் படித்தேன், சிலவற்றை நானே எழுதினேன். இரு தரப்பும் யாரென்று தெரிய வேண்டாம் என்பதால் ஒப்பந்தத் தொகையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற தொகைகளெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

ஒப்பந்தம் மூன்று பக்கம். தொகை நிலையானது, பொருள் விலை ஏறினாலும் மாறாது. கூடுதல் வேலை என்றால் எழுத்தில் ஒப்புதல் வேண்டும். 90-ஐ வேலை நடக்கும்போதே தவணையாகக் கொடுத்துவிட வேண்டும், மீதி 10-ஐ இறுதி பில் வந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 90 ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. இறுதி பில்தான் வரவில்லை. மருத்துவமனையும் கேட்கவில்லை. பணம் கொடுக்க வேண்டியவர் பில்லைத் தேடிக்கொண்டு போவது எங்கும் வழக்கமில்லையே.

வந்த பில்லில் கேட்டிருந்தது 38. பாக்கி 10, கூடுதல் வேலைக்கு 16, பொருள் விலையேற்றத்துக்கு 5, வட்டி 7.

தாமதம் எதற்கு உதவும், எதற்கு உதவாது

டாக்டருடைய கோபமெல்லாம் தாமதத்தின் மேல்தான். ‘இவ்வளவு நாள் தூங்கிவிட்டு இப்போது வந்து கேட்டால் கொடுக்க வேண்டுமா?’ என்றார். இப்படிப்பட்ட பில்லைக் கையில் வாங்கும் யாருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். ஆனால் பெரும்பாலும் இது எடுபடாது.

தாமதமாக வந்தது என்பதால் மட்டும் ஒரு கடன் செல்லாமல் போவதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் சட்டம் வகுத்த கால வரம்பு தாண்டியிருக்க வேண்டும். இந்தியாவில் 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இத்தகைய பாக்கிக்கு 3 ஆண்டு. இங்கிலாந்தில் 6, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 6. கனடாவின் ஒண்டாரியோவில் பொதுவாக 2. ஜெர்மனியில் 3 ஆண்டு, அதுவும் கடன் உண்டான ஆண்டின் கடைசி நாளிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு கழிந்தால் வழக்குப் போடும் உரிமை மட்டுமல்ல, கடனே இல்லாமல் போய்விடும். 17 மாதத்தை வைத்துக்கொண்டு இவற்றில் எதையும் தாண்ட முடியாது.

கால வரம்பு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பில் தேதியிலிருந்து என்று நினைப்பார்கள். பணம் கொடுக்கும் நாள் குறிக்கப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்தே 3 ஆண்டு என்கிறது இந்தியக் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள 18-ஆவது உறுப்பு. இங்கிலாந்தில் 1897-இல் முடிந்த கோபர்ன் எதிர் காலெட்ஜ் வழக்கிலும் இதே விஷயம்: வழக்கறிஞர் ஒருவர் பில்லைத் தாமதமாகக் கொடுத்துவிட்டு, அந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்றார். வேலை முடிந்த நாளிலிருந்தே காலம் ஓடத் தொடங்கிவிட்டது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதாவது, பில்லைத் தள்ளிப்போடுகிறவர் தன் கால வரம்பைத் தானே தின்றுகொண்டிருக்கலாம். எங்கள் ஒப்பந்தத்திலோ ‘பில் வந்து 30 நாள்’ என்று தெளிவாக இருந்தது. ஆகவே அந்த வாதத்தை அன்றே கைவிட்டோம்.

ஆனால் அதே வரி வட்டி விஷயத்தில் எங்கள் பக்கம் வந்தது. பில் வந்து 30 நாள் கழித்துத்தான் பணம் கொடுக்க வேண்டிய கட்டாயமே உண்டாகிறது என்றால், பில் அனுப்பாத 17 மாதத்துக்கு வட்டி எங்கிருந்து வரும்? இங்கே ஓர் எச்சரிக்கை. ‘ஒப்பந்தத்தில் வட்டி என்று எழுதவில்லை, ஆகவே வட்டி இல்லை’ என்று பதில் எழுதுவது ஆபத்து. வியாபாரிகளுக்கு இடையிலான கடனுக்குச் சட்டமே வட்டி போடும் நாடுகள் உண்டு. பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் மைய வங்கி வீதத்துக்கு மேல் 8 சதவீதம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு ஆணையும் குறைந்தது 8 புள்ளி கூட்டச் சொல்கிறது. இந்தியாவில் பதிவு செய்த சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், மைய வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. எனவே வட்டியை மறுப்பதென்றால் ‘இன்னும் கெடுவே வரவில்லை’ என்பதுதான் நிற்கும் காரணம்.

ஒரு வாட்ஸ்அப் செய்தி

பில்லுக்கும் நோட்டீஸுக்கும் நடுவில் காண்ட்ராக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு நினைவூட்டல் வந்திருக்கிறது. டாக்டர் இரண்டு நோயாளிகளுக்கு இடையில் பதில் போட்டிருக்கிறார்: ‘பாக்கி இருப்பது தெரியும். இப்போது கொஞ்சம் நெருக்கடி. அடுத்த மாதம் பார்க்கலாம்.’ அவர் மனதில் இருந்தது அந்த 10. நோட்டீஸின் மூன்றாவது பத்தியில் அது, 38 முழுவதையும் ஒப்புக்கொண்டதாக மாறியிருந்தது.

இந்த மாதிரிச் செய்தி இரண்டு வேலை செய்யலாம், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, கால வரம்பைப் புதிதாகத் தொடங்கிவைப்பது. அதே இந்தியக் காலவரையறைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவில், வரம்பு முடிவதற்குள் கையெழுத்திட்டு எழுதிய ஒப்புதல் ஒன்று இருந்தால் போதும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. எவ்வளவு என்று சொல்லாவிட்டாலும், ‘கொடுக்க மாட்டேன்’ என்றே சேர்த்து எழுதியிருந்தாலும்கூட அது ஒப்புதலாகலாம். இங்கிலாந்திலும் எழுத்து, கையெழுத்து வேண்டும். பகுதிப் பணம் கட்டினாலும் பல இடங்களில் இதே விளைவுதான். இரண்டாவது, தொகையை ஒப்புக்கொள்வது. ‘பாக்கி இருக்கிறது’ என்பதால் ‘38 பாக்கி இருக்கிறது’ என்று ஆகிவிடாது. எங்களுக்குக் கால வரம்பு ஒரு பொருட்டே இல்லை என்பதால் முதல் விளைவால் இழப்பில்லை. கால வரம்பு முடியும் தறுவாயில் உள்ள பழைய பில்லாக இருந்திருந்தால் அந்த மூன்று வரிக்கு விலை வேறு மாதிரி இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு: இது சம்பந்தமாக ஃபோன் வந்தால் ‘எழுத்தில் அனுப்புங்கள், எழுத்தில் பதில் வரும்’ என்று மட்டும் சொல்வது. டாக்டருக்கு இது மரியாதைக் குறைவாகப் பட்டது. பரவாயில்லை என்றேன்.

நோட்டீஸைப் படிப்பது

ஏழு நாள் கெடு. 38-உடன் நோட்டீஸ் செலவு. தவறினால் சிவில், கிரிமினல் நடவடிக்கை, கூடவே கடன் வரலாற்றில் பதிவு செய்வோம் என்ற மிரட்டல்.

வக்கீல் நோட்டீஸில் உள்ள கெடு அனுப்பியவர் வைத்த கெடு. அது தாண்டினால் அவர் வழக்குப் போடலாம், அவ்வளவுதான். சட்டத்தின் கெடு நீதிமன்றத் தாளோடு வருகிறது, அதற்கு இரக்கம் கிடையாது. இங்கிலாந்தில் தனிநபரிடமோ தனி உரிமையாளரிடமோ கடன் கேட்கும் நிறுவனம் வழக்குக்கு முன்பே 30 நாள் அவகாசத்தோடு கடிதம் அனுப்ப வேண்டும், ஆனால் கோரிக்கை மனு வந்துவிட்டால் 14 நாளுக்குள் பதில். இந்தியாவில் சுருக்க விசாரணை வழக்கின் அழைப்பாணைக்கு 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். ஜெர்மனியில் நீதிமன்றம் அனுப்பும் பணக்கட்டளைக்கு இரண்டு வாரத்துக்குள் மறுப்பு எழுத வேண்டும். அந்தக் கட்டளையை அனுப்பும் முன் கடன் உண்மைதானா என்று நீதிமன்றம் ஆராய்வதே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. வக்கீல் கடிதத்துக்கு நடுங்கிவிட்டு நீதிமன்றத் தாளை மேஜையில் போட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பயம் வர வேண்டிய வரிசை இதற்கு நேர்தலைகீழ்.

கிரிமினல் என்ற சொல்தான் டாக்டரைத் தூங்கவிடவில்லை. ஒப்பந்தப்படி ஒரு பணத்தைக் கொடுக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகள் குறித்த பன்னாட்டு உடன்படிக்கை அதன் 11-ஆவது உறுப்பில் சொல்கிறது. ஏமாற்றும் நோக்கம் இருந்தால் கதை வேறு. இங்கே 90 கொடுத்து, மீதியில் தகராறு. இதில் ஏமாற்று எங்கே? அந்தச் சொல் பயமுறுத்துவதற்காகச் சேர்த்தது. எங்கள் பதிலில் அதற்கு ஒரே ஒரு வாக்கியம் கொடுத்தோம். கோபமாக நாலு பத்தி எழுத வேண்டும் என்று டாக்டர் விரும்பினார். மிரட்டலுக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ, அவ்வளவு அது வேலை செய்திருக்கிறது என்று எதிர்த்தரப்பு வக்கீலுக்குத் தெரிந்துவிடும்.

பில்லை உடைத்தது

ஏழு நாளுக்குள் ஒரு சிறு பதில் போனது. நோட்டீஸ் கிடைத்தது, 38 என்ற தொகையை ஏற்கவில்லை, கூடுதல் வேலைக்கான ஒப்புதல் கடிதங்களையும் தேதிகளையும் அளவுக் குறிப்புகளையும் அனுப்புங்கள், வந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பதில் தருகிறோம். அவ்வளவுதான். இப்படி விவரம் கேட்பது தட்டிக்கழிப்பதாகத் தோன்றலாம், அப்படி இல்லை. அமெரிக்காவில் வசூல் நிறுவனம் தனிநபரிடம் அவருடைய சொந்தச் செலவுக் கடனுக்காக வரும்போது, 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்தால் சான்று அனுப்பும்வரை வசூலை நிறுத்த வேண்டும் என்று 1977-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மற்ற இடங்களிலும், சான்று கேட்ட கடிதம் பின்னால் நீதிபதி முன் நல்ல பெயர் வாங்கித் தரும்.

சான்று கேட்டபோதுதான் தாமதத்தின் காரணமும் வெளியே வந்தது. காண்ட்ராக்டர் நிறுவனத்தில் இரண்டு கூட்டாளிகள் பிரிந்திருக்கிறார்கள். எங்கள் வேலையைப் பார்த்தவர் போய்விட்டார். இருப்பவர் வைத்த புதிய கணக்காளர் பழைய கோப்புகளைத் தோண்டி, ‘முடிக்கப்படாத கணக்கு’ என்று எங்களுடையதைக் கண்டுபிடித்து, டெலிவரி சலான்களை வைத்து பில்லைக் கட்டியிருக்கிறார். சலானில் உள்ள பொருளில் ஒரு பகுதி திரும்பிப் போயிருந்தது அவருக்குத் தெரியாது. மிகத் தாமதமாக வரும் பில்கள் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன: ஆள் மாறும்போது, தணிக்கை வரும்போது, நிறுவனம் கைமாறும்போது. அனுப்பியவருக்கே முழுக்கதை தெரியாது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எங்கள் கடிதங்களின் தொனி மாறியது. ஏமாற்றுக்காரரிடம் பேசுவதை விட்டுவிட்டு, தெரியாத ஒருவருக்கு விளக்குவதுபோல எழுதினோம்.

பிறகு வரி வரியாக. விலையேற்றம் 5: நிலையான தொகை என்ற ஒப்பந்த வாசகத்தைக் காட்டி மறுத்தோம், அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. வட்டி 7-க்கு முன்பே சொன்ன காரணம். பாக்கி 10-இல், வேலை முடிந்த இரண்டாம் மாதமே அடிக்கடி டிரிப் ஆன இரண்டு மின்சுற்றுகளை வேறு ஆளை வைத்துச் சரிசெய்த செலவு 3 இருந்தது. அப்போதே காண்ட்ராக்டருக்கு எழுதிய மின்னஞ்சலும், ரசீதும், படமும் இருந்தன. அந்த மின்னஞ்சல் இல்லையென்றால் அந்த 3-ஐக் கழிப்பது பெரும்பாடு. பணம் கேட்ட பிறகு முதல்முறையாகக் குறை சொல்பவரை யாரும் நம்புவதில்லை.

கூடுதல் வேலை 16-இல்தான் உண்மையான தகராறு. எங்கள் பழைய மின்னஞ்சல்களைத் தேடியபோது, உள்ளலங்கார வடிவமைப்பாளர் டாக்டர் சார்பில் 9 அளவுக்கு எழுத்தில் ஒப்புதல் கொடுத்திருந்தது கிடைத்தது. காண்ட்ராக்டர் தரப்பு அதை இணைக்கவில்லை. அவர்களிடம் இல்லை போலிருக்கிறது. ‘நாம் ஏன் எடுத்துக் கொடுக்க வேண்டும்?’ என்றார் டாக்டர். நியாயமான கேள்விதான், அவருடைய வக்கீலும் அவசரப்பட வேண்டாம் என்றார். என் கருத்து வேறு. பிரிந்துபோன கூட்டாளியிடம் அந்த மின்னஞ்சல் நிச்சயம் இருக்கும். வழக்கு என்று வந்தால் ஆவணங்களைக் காட்டச் சொல்லும் கட்டம் வரும். அப்போது வெளியே வந்தால் மீதி 7-ஐப் பற்றி நாம் சொல்லும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நாமே வைத்துவிட்டால் அந்த 7-க்கு நம் சொல் எடை பெறும். வைத்தோம்.

விரிவான பதிலோடு அன்றே 7-ஐ வங்கி வழியாக அனுப்பினோம். பாக்கி 10-இல் பழுது 3 போக மீதி. பணத்தோடு ஒரு வரி: ‘இந்தத் தொகை பில்லின் முதல் வரிக்கு மட்டும்.’ அந்த வரியை எழுதாமல் அனுப்பியிருந்தால், பெற்றவர் தன் விருப்பப்படி வட்டிக்கோ விலையேற்றத்துக்கோ வரவு வைத்துக்கொண்டு, முதல் வரி அப்படியே நிற்கிறது என்று சொல்லலாம். கொடுப்பவர் எந்தக் கணக்கில் என்று சொன்னால் அப்படியே, சொல்லாவிட்டால் வாங்குபவர் இஷ்டம் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59, 60-ஆம் பிரிவுகளில் இருக்கிறது. ஆங்கிலேயச் சட்டத்திலும் இதே முறைதான். ஒப்புக்கொண்ட தொகையை முன்கூட்டியே கொடுப்பது பேரத்தில் கையிலிருக்கும் சீட்டை விட்டுவிடுவது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டால் வழக்கின் அளவே சுருங்குகிறது, எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பார்த்துத் தன் கட்டணத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

மீதி இருந்தது எழுத்தில்லாத 7. அதில் 3 திரும்பிப் போன பொருள், சலானைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். மற்றது எக்ஸ்ரே கருவிக்குத் தனியாக இழுத்த மின்வழி. எழுத்தில் ஒப்புதல் கிடையாது. ஆனால் டாக்டர் யோசித்துவிட்டு, ‘அதையும் போட்டுவிடுங்கள் என்று நான்தான் வாயால் சொன்னேன்’ என்றார். ஒப்பந்த வாசகத்தைப் பிடித்துக்கொண்டு மறுக்கலாம் என்றார் வக்கீல். மறுக்கலாம்தான். இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தால் ஈடு தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு சொல்கிறது, ஆங்கிலேய வழிச் சட்டங்களிலும் செய்த வேலையின் மதிப்பைக் கேட்கும் வழி உண்டு. எழுத்தில் ஒப்புதல் வேண்டும் என்ற விதியை இரு தரப்பும் நடத்தையால் தளர்த்திவிட்டார்கள் என்ற வாதமும் வரும். வென்றிருப்போமா என்று கேட்டால், பாதிக்குப் பாதி என்பேன். அந்த மின்வழிக்கு 4 கேட்டார்கள். 4-ஐயே ஒப்புக்கொண்டோம். இங்கே பேரம் பேசியிருக்கலாம் என்று வக்கீலுக்கு இன்றும் மனக்குறை. எக்ஸ்ரே ஓடிக்கொண்டிருக்கிறதே சார் என்று நான் சொன்னதற்கு அவர் பதில் சொல்லவில்லை.

ஆக 7, 9, 4. மொத்தம் 20.

முடிப்பதில் உள்ள முடிச்சுகள்

தொகை முடிவானதும் எல்லாரும் ஓய்ந்துவிடுகிறார்கள். எழுதிக்கொண்டும் சரியாக முடியாமல் போனதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது, அதிலும் ஒரு டாக்டர்தான். டாக்டர் ஃபோக்ஸ் என்பவர் திருமதி பீர் என்பவருக்குத் நீதிமன்றத் தீர்ப்பால் உண்டான கடன் ஒன்றைத் தவணையில் கட்ட ஒப்பந்தம் போட்டார். கட்டினால் மேற்கொண்டு நடவடிக்கை எடுப்பதில்லை என்று அந்த அம்மாள் எழுதிக் கொடுத்தார். அசல் முழுவதும் கட்டி முடித்த பிறகு வட்டி கேட்டார். 1884-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டனின் பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. தகராறே இல்லாத கடனில் குறைவாக வாங்கிக்கொள்வதாகச் சொன்ன வாக்கு, பதிலுக்கு வேறொன்று கிடைக்காவிட்டால் கட்டுப்படுத்தாது. பின்னெல் (Pinnel) என்பவர் தொடுத்த 1602-ஆம் ஆண்டு வழக்கிலிருந்து வரும் விதி அது. இந்தியா தன் ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் இதை மாற்றிக்கொண்டது. அங்கே குறைவாக வாங்கி ஒப்புக்கொண்டாலும் கடன் தீர்ந்தது. நீங்கள் இருக்கும் இடத்தில் எந்த விதியோ, பாதுகாப்பு ஒன்றுதான்: உண்மையான தகராறு இருந்தது, இரு தரப்பும் விட்டுக்கொடுத்து முடித்தோம் என்பது தாளில் தெரிய வேண்டும்.

எங்கள் தாளில் அது முதல் பத்தி. வட்டி, நோட்டீஸ் செலவு, கடன் வரலாற்றுப் பதிவு ஆகியவற்றைக் காண்ட்ராக்டர் தரப்பு கைவிட்டது, பழுது குறித்து மேற்கொண்டு கேட்பதில்லை என்று மருத்துவமனை கைவிட்டது. பிரிந்துபோன கூட்டாளி நாளை வந்து ‘எனக்குத் தெரியாது’ என்றால் என்ன செய்வது? அதற்காக, கையெழுத்திடுபவருக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இருக்கிறது என்பதற்கான பிரிவினைப் பத்திரத்தின் நகலை வாங்கி இணைத்தோம். பேச்சுவார்த்தைக் கடிதங்கள் எல்லாவற்றிலும் ‘உரிமைக்குப் பங்கமின்றி’ என்று மேலே எழுதியிருந்தோம், அதாவது பேச்சு முறிந்தால் இதை எங்களுக்கு எதிராக நீதிமன்றத்தில் காட்டக் கூடாது என்று. இந்த இறுதித் தாளில் மட்டும் அதை எடுத்துவிட்டோம். இது நிறைவேற்றக் கேட்க வேண்டிய தாள், மறைத்துவைக்க வேண்டியதல்ல.

மீதி 13-க்கு வரப்போகும் தேதி போட்ட இரண்டு செக் கேட்டார்கள். தரவில்லை. சாதாரண ஒப்பந்தப் பாக்கி சிவில் விஷயம், ஆனால் திரும்பி வந்த செக் சில நாடுகளில் குற்றம். இந்தியாவில் செலாவணி முறி ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில், நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் இரண்டு ஆண்டுவரை சிறைக்கும் இடம் உண்டு. வெறும் மிரட்டலாக இருந்த கிரிமினல் என்ற சொல்லுக்கு நாமே உயிர் கொடுப்பானேன்? கையெழுத்திட்ட அன்றே முழுத் தொகையும் வங்கி வழியாகப் போனது.

கடைசியாக ஒரு கணக்கு வேலை. செட்டில்மென்ட் 20-க்கு முடிந்தாலும், அவர்கள் புத்தகத்தில் 38-க்கான பில் அப்படியே நிற்கிறது. அதன் மேல் கணக்கிட்ட வரியும் நிற்கிறது. மீதி 18-க்கு கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து அனுப்பியவர் தரும் தாள்) போட்டால்தான் இரண்டு பக்கக் கணக்கும் பொருந்தும், இல்லையென்றால் அடுத்து வரும் கணக்காளர் கண்ணில் மறுபடி ‘முடிக்கப்படாத கணக்கு’ படும். அதையும் ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாக எழுதியிருந்தோம். பணம் போய் மூன்று வாரம் ஆகியும் வரவில்லை. இரண்டு முறை நினைவூட்டிய பிறகு 18-க்கான கிரெடிட் நோட் வந்தது, கோப்பை மூடினேன்.